ஃப்ளூட்: காதுல பொறந்து கண்ணுக்கு வந்த வார்த்தை

ஒரு அட்டைப்பெட்டிய கிழிச்சு ஓரத்தப் பாருங்க. மேல ஒரு தாள், கீழ ஒரு தாள், நடுவுல இன்னொரு தாள் அலை அலையா மடிஞ்சு ஓடிக்கிட்டு இருக்கும். அந்த அலைக்கு பெட்டி செய்யுறவங்க வச்சிருக்க பேரு ஃப்ளூட். ஏ ஃப்ளூட், பி ஃப்ளூட், சி ஃப்ளூட், ஈ ஃப்ளூட்னு வகை வகையா இருக்கு. ஏ தான் பெருசு, கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் உயரம், பி அதவிட சின்னது, அப்ப சி இன்னும் சின்னதா இருக்கும்னு நெனைப்போம், ஆனா சி ரெண்டுக்கும் நடுவுல வருது. எழுத்து வரிசை அளவப் பாத்து வச்சதில்ல, எது முதல்ல சந்தைக்கு வந்துச்சோ அதுக்கு முதல் எழுத்து, அவ்வளவுதான். ஈ ஃப்ளூட் ஒண்ணரை மில்லிமீட்டர் பக்கம்தான் இருக்கும், அதனாலதான் படம் அச்சடிச்ச சின்ன பெட்டிங்க வழவழன்னு இருக்கு.

இதே பேரு இரும்பு வேலை பாக்குற இடத்துலயும் இருக்கு. ட்ரில் பிட்ட சுத்தி முறுக்கிக்கிட்டே மேல ஏறுற பள்ளம் இருக்குல்ல, அதுவும் ஃப்ளூட்தான். மில்லிங் மெஷின்ல மாட்டுற எண்ட் மில்ல ரெண்டு ஃப்ளூட், மூணு ஃப்ளூட், நாலு ஃப்ளூட்னு சொல்லித்தான் கேப்பாங்க. வெட்டுப்படுற உலோகம் சுருள் சுருளா வெளிய வர்றதுக்கு அந்தப் பள்ளம்தான் வழி. அலுமினியத்துல நெறைய சிப், அதாவது அந்தச் சுருள் தூள், வரும், அது போக இடம் வேணும், அதனால ஃப்ளூட் எண்ணிக்கை கம்மியா, பள்ளம் அகலமா இருக்க கட்டர போடுவாங்க, ஸ்டீலுக்கு நாலோ அதுக்கு மேலயோ போடுவாங்க, பள்ளம் ஆழம் கொறஞ்சா நடுத்தண்டு தடிமனாகும், கட்டர் வளையாம நிக்கும். 1863ல அமெரிக்காவுல ஸ்டீபன் மோர்ஸ்ங்கறவர் முறுக்குப் பள்ளம் போட்ட ட்ரில்லுக்கு காப்புரிமை வாங்கினாரு. நேர் பள்ளமோ தட்டை முனையோ இருக்க ட்ரில்ல தூள் ஓட்டைக்குள்ளயே அடைச்சுக்கும், அடிக்கடி வெளிய எடுத்து தட்டணும். முறுக்குப் பள்ளம் வந்ததும் தூள் தானா மேல ஏறி வந்துருது.

கிரேக்கக் கோயில் தூண்கள்ல மேலருந்து கீழ வரைக்கும் ஓடுற பள்ளங்களுக்கும் இங்கிலீஷ்ல ஃப்ளூட்னுதான் பேரு. டோரிக் தூண்ல பெரும்பாலும் 20 பள்ளம், ஒரு பள்ளமும் அடுத்த பள்ளமும் சேர்ற எடம் கூர்மையா விளிம்பு மாதிரி நிக்கும். அயோனிக் தூண்ல 24, நடுவுல நடுவுல தட்டையா ஒரு பட்டை விட்டிருப்பாங்க. ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ், அயோனிக் தூணோட பள்ளங்கள் பெண்களோட உடுப்பு மடிப்பப் பாத்து வந்ததுன்னு எழுதி வச்சிருக்காரு. அவருக்கு அது புல்லாங்குழலா தெரியல, துணி மடிப்பாத்தான் தெரிஞ்சிருக்கு. அந்தப் பள்ளத்துக்கு ஃப்ளூட்ங்கற பேர 17ஆம் நூற்றாண்டுலதான் இங்கிலீஷ்காரங்க கொண்டு வந்தாங்க.

இன்னும் இருக்கு. ஷாம்பெயின் ஊத்துற ஒல்லி நீட்டுக் கிளாஸ் ஃப்ளூட். பிரெஞ்சுக்காரங்க ஒரு வகை ஒல்லி ரொட்டிக்கு ஃப்ளூட்னு பேரு வச்சிருக்காங்க. மெக்சிகோவுல மாவு ரொட்டிய இறுக்கமா உருட்டிப் பொரிச்சா அது ஃப்ளாவ்டா, ஸ்பானிஷ்ல புல்லாங்குழல்னு அர்த்தம். வட அமெரிக்காவுல சுமார் 13,000 வருஷத்துக்கு முன்னாடி க்ளோவிஸ் மக்கள் செஞ்ச கல் ஈட்டிமுனையில, அடியிலருந்து ஒரே சில்லா பெயர்த்து எடுத்த பள்ளம் ஒண்ணு இருக்கும், குச்சியில பொருத்திக் கட்டறதுக்கு வசதியா. தொல்லியல்காரங்க அந்தப் பள்ளத்துக்கும் ஃப்ளூட்னே பேரு வச்சுட்டாங்க.

கப்பல் கூட இருக்கு. 16ஆம் நூற்றாண்டு கடைசியில டச்சுக்காரங்க ஹோர்ன் நகரத்துல கட்டின சரக்குக்கப்பல், அவங்க மொழியில ஃப்ளாய்ட், பிரெஞ்சுல ஃப்ளூட். நீளமான ஒடம்பு, அடியில உப்பி மேல தளம் குறுகலா இருக்கும், பீரங்கி பெரும்பாலும் இல்ல, அதனால சரக்குக்கு நெறைய எடம், ஓட்டறதுக்கு கொஞ்சம் ஆளு போதும். டச்சு வியாபாரம் 17ஆம் நூற்றாண்டுல அப்படிப் பெருகினதுக்கு இந்தக் கப்பல் ஒரு பெரிய காரணம். பின்னாடி பிரெஞ்சுக் கடற்படையில, போர்க்கப்பல்ல இருந்து பீரங்கிகள எடுத்துட்டு ஆளையும் சாமானையும் ஏத்திட்டுப் போனா, அந்தக் கப்பல் 'ஆன் ஃப்ளூட்' போகுதுன்னு சொல்ற வழக்கம் வந்துச்சு. 1816ல செனகலுக்குப் போற வழியில மெதூஸ்னு ஒரு கப்பல் மணல்திட்டுல ஏறி, நூத்துக்கும் மேல ஆளுங்கள தெப்பத்துல விட்டுட்டுப் போன கொடுமை நடந்துச்சே, அந்த மெதூஸ் அப்படி ஆன் ஃப்ளூட் போன கப்பல்தான்.

இத்தனையும் வரிசையா எழுதினப்ப எனக்கு ஒண்ணு பளிச்சுன்னு பட்டுச்சு. இதுல எதுலயுமே சத்தம் இல்ல. அட்டை ஊதாது, தூண் பாடாது, ட்ரில் சத்தம் போடும் ஆனா அத யாரும் இசைன்னு சொல்ல மாட்டாங்க. ஒரு இசைக்கருவியோட பேர எடுத்துக்கிட்டுப் போனவங்க எல்லாரும் இசைய விட்டுட்டு அதோட உருவத்த மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. நீளம், ஒல்லி, உள்ள பள்ளம். காதுக்குன்னு இருந்த ஒரு வார்த்தை மொத்தமா கண்ணுக்கு வந்துருச்சு. அப்ப தமிழ்ல என்ன நடந்திருக்குன்னு யோசிச்சேன், யோசிச்சா அங்க கதை தலைகீழா இருக்கு. அதுக்கு வர்றேன், அதுக்கு முன்னாடி இங்கிலீஷ் வார்த்தை எங்கருந்து வந்துச்சுன்னு பாத்துருவோம்.

இங்கிலீஷ்ல ஃப்ளூட் 14ஆம் நூற்றாண்டுல வருது, பழைய பிரெஞ்சுலருந்து. பழைய பிரெஞ்சுக்கு தெற்கு பிரான்ஸோட ப்ரொவான்ஸ் மொழியிலருந்து வந்திருக்கலாம், அங்க ஃப்ளாவ்ட்னு இருந்துச்சு. அதுக்கு அப்புறம் அறிஞர்கள் ஒத்துப்போகல. லத்தீன்ல 'ஃப்ளாரே'ன்னா ஊதறது, அதுதான் வேர்னு ஒரு கட்சி. காத்து ஊதும்போது வர்ற சத்தத்த வாய் அப்படியே பாவனை பண்ணினதுன்னு ஒரு கட்சி, ஃப்ப்ளூன்னு சொல்லிப் பாத்தா உதடு குவிஞ்சு ஊதற மாதிரியே வருதே, அதனால இது எனக்குப் பிடிச்ச கட்சி. மூணாவது ஒண்ணு இருக்கு: ஊதற கருவிக்கு அங்க ஏற்கனவே இருந்த 'ஃப்ளாஜோல்'ங்கற சொல்லும், தந்திக் கருவியான லூட்டுக்கு இருந்த 'லாவ்ட்'ங்கற சொல்லும் ஒட்டிக்கிட்டுப் பொறந்தது ஃப்ளாவ்ட்ங்கறாங்க. லூட் அரபியிலருந்து வந்த வார்த்தை. 'அல் ஊத்', அதுக்கு மரம்னு அர்த்தம். இந்த மூணாவது கட்சி சரின்னா ஃப்ளூட்டோட வால்ல ஒரு அரபி மரத்துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு.

எந்தக் கட்சி ஜெயிச்சாலும் ஒண்ணு மாறாது. அந்த வார்த்தை ஐரோப்பாவுல மொதல்லருந்தே ஒரு இசைக்கருவியோட பேரு. குழாய்க்கோ பள்ளத்துக்கோ இருந்த பேர இசைக்கு எடுத்துக்கல. ஆனா எந்தக் கருவிங்கறதுல பெரிய குழப்பம் இருந்திருக்கு. 18ஆம் நூற்றாண்டு பாதி வரைக்கும் இங்கிலாந்துல சும்மா ஃப்ளூட்னு சொன்னா அது இன்னைக்கு நாம ரெக்கார்டர்னு சொல்றது, வாயில நேரா வச்சு ஊதறது. பக்கவாட்டுல புடிச்சு ஊதறதுக்கு 'ஜெர்மன் ஃப்ளூட்'னு தனியா சொல்லணும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதின இசைத்தாள்லயும் 'ஃப்ளாவ்டோ'ன்னு இருந்தா ரெக்கார்டர், 'ட்ராவெர்ஸோ'ன்னு இருந்தாதான் பக்கவாட்டு ஃப்ளூட். பின்னாடி பெரிய வாத்தியக்குழுவுல பக்கவாட்டுக் கருவி கை ஓங்கினதும், பேர அது வாங்கிக்கிச்சு, பழைய சொந்தக்காரர் ரெக்கார்டர்ங்கற பேரோட ஒதுங்கிட்டாரு. அப்புறம் தியோபால்ட் பேம்ங்கற ஜெர்மன் கலைஞர் 1832லயும் 1847லயும் அத மொத்தமா திரும்ப வடிவமைச்சாரு. 1847ல உலோக உருளைக் குழாய், பெரிய துளைங்க, மூட விரல் பத்தாததால சாவிகள். இன்னைக்கு பெரும்பாலும் வெள்ளியில செய்யறாங்க, ஆனாலும் அத மரக்காத்துக் கருவிகள் வரிசையிலதான் வச்சிருக்காங்க.

பழைய கிரேக்கக் கதைகள இங்கிலீஷ் வழியா படிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். அதுல 'ஃப்ளூட் வாசிச்சா'ன்னு வர்ற எடத்துல பெரும்பாலும் மூலத்துல இருக்கறது அவ்லோஸ். அவ்லோஸ் ஃப்ளூட்டே இல்ல. அதுல சீவாளி, அதாவது ஊதினா அதிர்ற நாணல் பட்டை, உண்டு, ரெண்டு குழல ஒண்ணா வாயில வச்சு ஊதுவாங்க, சத்தம் கூர்மையா வரும், நம்ம கணக்குல அது நாகசுரம் பக்கத்து சொந்தம். 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளருங்க ஃப்ளூட்னு போட்டுட்டாங்க, அதிலருந்து தமிழுக்கு வந்தப்ப புல்லாங்குழல் ஆயிருச்சு, அதனால கிரேக்க விருந்துல யாரோ மெல்லிசா குழல் ஊதிக்கிட்டு இருந்த மாதிரி ஒரு படம் நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. உண்மையில அங்க அதிர்ந்திருக்கும். இது சின்ன தப்பு இல்லைங்கறதுல நான் உறுதியா இருக்கேன்.

அவ்லோஸுக்கு ரோமானியங்க வச்ச பேரு டிபியா. டிபியான்னா கெண்டைக்கால் முன்னெலும்பு, டாக்டருங்க இன்னைக்கும் அதே பேருதான் சொல்றாங்க. எலும்புல குழல் செஞ்ச காலத்தோட நெனப்பு அந்தப் பேர்ல இருக்கு. ஆச்சரியம் என்னன்னா பிரெஞ்சு பேச்சு வழக்குல இது திரும்பி வருது: 'ஃப்ளூட்'னு பன்மையில சொன்னா கால்கள், 'ஃப்ளூட்ட ஆட்டறது'ன்னா ஓடிப்போறது. லத்தீன்ல கால் குழல் ஆச்சு, பிரெஞ்சுல குழல் கால் ஆச்சு.

எலும்புன்னு வந்ததால சொல்றேன். தெற்கு ஜெர்மனியில ஹோலே ஃபெல்ஸ் குகையில 2008ல ஒரு குழல் கெடைச்சுது, பிணந்தின்னிக் கழுகோட றெக்கை எலும்புல செஞ்சது, அஞ்சு விரல்துளை, கிட்டத்தட்ட 22 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கு. வயசு 35,000 வருஷத்துக்குக் கொறையாது. பறவை எலும்பு இயற்கையாவே உள்ள காலி, துளை மட்டும் போட்டாப் போதும். ஆனா அதே வட்டாரத்துல இருக்க கைசென்க்ளோஸ்டர்லே குகையில மாமூத் தந்தத்துல செஞ்ச குழலும் கெடைச்சுது. தந்தம் கெட்டி, உள்ள காலி கெடையாது. அந்த மனுஷங்க என்ன பண்ணியிருக்காங்கன்னா, தந்தத்துண்ட நீளவாக்குல ரெண்டாப் பொளந்து, ஒவ்வொரு பாதியையும் உள்பக்கம் கொடஞ்சு, திரும்ப ரெண்டையும் காத்துப் போகாம ஒட்டியிருக்காங்க. ஒட்டற எடத்துல ரெண்டு பக்கமும் சரியாப் பொருந்தறதுக்கு சின்னச் சின்ன வெட்டுக்கூட போட்டு வச்சிருக்காங்க.

தூண்ல இருக்க பள்ளத்துக்கு ஏன் ஃப்ளூட்னு பேரு வந்துச்சுன்னு சொல்றப்ப சொல்லாராய்ச்சிக்காரங்க தர்ற விளக்கம் ஒண்ணு: நீளவாக்குல பொளந்த குழலோட உள்பக்கம் மாதிரி அது இருக்கு. அந்த விளக்கத்தப் படிச்சப்ப எனக்கு அந்தத் தந்தக்குழல்தான் கண்ணுல வந்துச்சு. ஒட்டறதுக்கு முன்னாடி அந்தக் கையில இருந்த பாதித் தந்தம், அப்படியே ஒரு தூண் பள்ளம். ஊதறதுக்கு முன்னாடியே அவங்க அந்த இன்னொரு ஃப்ளூட்ட பாத்துட்டாங்க.

இப்ப தமிழுக்கு வர்றேன். குழல்ங்கற சொல் எங்கெங்க இருக்குன்னு பாருங்க: மூச்சுக்குழல், உணவுக்குழல், துப்பாக்கிக்குழல், குழல்விளக்கு. குழாய் அதோட கூடப்பொறந்தது. அதுக்கும் மேல பொண்ணுங்க கூந்தல். ஐம்பால்னு அஞ்சு வகையா முடிய அலங்கரிக்கிறதப் பழைய உரைகள் சொல்லும், அதுல ஒண்ணு குழல், சுருட்டி முடிக்கிறது. குழல்னு வினையாவும் வரும், சுருளுறதுன்னு அர்த்தம், குழன்ற கூந்தல்னு படிச்சிருப்போம். ஆக சுருண்டது, உள்ள காலியா இருக்கது எல்லாம் குழல். ஊதறது அதுல ஒண்ணு. ஐரோப்பாவுல இசைக்கருவியோட பேரு போய் பள்ளத்துல உக்காந்துச்சுன்னா, இங்க உருவத்தோட பேரு வந்து இசைக்கருவியில உக்காந்திருக்கு. எதிரெதிர் திசையில நடந்து ரெண்டு மொழியும் ஒரே எடத்துக்கு வந்து சேந்திருக்குன்னு நான் நம்புறேன். கருவிகள நாம பிரிச்ச விதத்தையும் பாருங்க, தோல்கருவி, நரம்புக்கருவி, துளைக்கருவி, கஞ்சக்கருவி. ஊதுறதுன்னு சொல்லாம துளைன்னு சொன்னாங்க. அங்கயும் கண்ணுதான் முன்னாடி நிக்குது.

முன்னாடி புல் எப்படி வந்துச்சு? மூங்கில் புல் வகை. தொல்காப்பியம் மரபியல்ல வெளிப்பக்கம் வயிரம், அதாவது கெட்டிப்பகுதி, இருந்தா புல், உள்பக்கம் வயிரம் இருந்தா மரம்னு பிரிக்குது, 'புறக்காழனவே புல்லென மொழிப'. இன்னைக்குத் தாவரவியலும் மூங்கில புல் குடும்பத்துலதான் வச்சிருக்கு. அதனால புல்லால ஆன குழல் புல்லாங்குழல். அந்த அரபிக் கட்சி சரியா இருந்தா, அவங்க ஃப்ளூட்டுக்கு வால்ல மரம், நம்ம குழலுக்கு தலையில புல். நெனைக்க நெனைக்க எனக்கு சந்தோஷமா இருக்கு. ஆனா மூங்கில் மட்டுமே வச்சு செய்யல. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதின அடியார்க்குநல்லார் குழலுக்கு மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலின்னு அஞ்சு பொருள் சொல்லி, அதுல மூங்கில்தான் உத்தமம்னு சொல்றாரு.

குழல் எப்படிப் பொறந்துச்சுங்கறதுக்கு சங்கப்பாட்டுல ரெண்டு எடம் இருக்கு. அகநானூறு 82ல கபிலர், ஆடுற மூங்கில்ல விழுந்த துளை வழியா மேல்காத்து புகுந்து போறதுதான் குழலிசைங்கறாரு. 'ஆடமைக் குயின்ற அவிர்துளை'. அந்தத் துளைய வண்டு போட்டதா உரைக்காரங்க சொல்லுவாங்க. வாசிக்கிற ஆளே இல்ல, காத்தும் துளையும்தான். பெரும்பாணாற்றுப்படையில ஆளு வர்றான், ஆடுமாடு மேய்க்கிறவன். தீக்கடைகோல கடைஞ்சு நெருப்பு உண்டாக்கி, அந்த நெருப்பாலயே துளை போடறான், 'செந்தீத் தோட்ட கருந்துளைக் குழல்'. செவப்புத் தீ போட்ட கறுப்புத் துளை. நாலு சொல்லுல செய்முறை, கருவி, நிறம் மூணையும் சொல்லி முடிச்சுட்டாரு கடியலூர் உருத்திரங்கண்ணனார். அதுல பாலைப்பண் வாசிச்சு சலிச்சுப் போச்சுன்னா, குமிழமரத்து உள்துளைக் கொம்புல மரல் நார நாணாக் கட்டி வில்யாழ் செஞ்சு குறிஞ்சிப்பண் வாசிப்பானாம். இன்னைக்கும் மூங்கில்ல துளை போடறவங்க பழுக்கக் காய்ச்சின கம்பிதான் வச்சிருக்காங்க, ட்ரில் போட்டா நாரு பிளக்கும், சுட்டா விளிம்பு இறுகி சுத்தமா வரும்.

கண்ணையும் காதையும் விட்டுட்டு மூணாவதா ஒரு வழியும் இருக்கு. 1914ல ஹோர்ன்போஸ்டல், சாக்ஸ்னு ரெண்டு இசை ஆராய்ச்சிக்காரங்க உலகத்துக் கருவிகள எல்லாம் வகைப்படுத்தினாங்க. அவங்க கணக்குல ஃப்ளூட்னா, காத்து ஒரு பட்டையா வந்து கூர் விளிம்புல மோதி, உள்ள வெளியன்னு மாறி மாறி அசையறது. சீவாளி கூடாது, உதடு அதிரக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. உருவம் எப்படி வேணா இருக்கலாம். இந்தக் கணக்குல நடுவர் ஊதுற விசில் ஃப்ளூட், காலி பாட்டில் வாயில ஊதினா அது ஃப்ளூட், தேவாலய ஆர்கன்ல இருக்க பெரும்பாலான குழாய்ங்க ஃப்ளூட், முட்டை மாதிரி உருண்டையா இருக்க ஒக்கரீனாவும் ஃப்ளூட். ஒல்லியாவே இல்லாத ஃப்ளூட். எனக்கு இந்த வகைப்பாடு மேல பெரிய மரியாதை, ஏன்னா அவ்லோஸ் குழப்பத்த ஒரே வரியில தீத்து வச்சுது.

சத்தத்தோட மிச்சம் எங்கயுமே ஒட்டலையான்னா, திட்டுறதுல ஒட்டியிருக்கு. இங்கிலீஷ்ல சட்டத்த மதிக்காம மீறுறதுக்கு 'ஃப்ளவ்ட்'னு ஒரு வினை, அது குழல் ஊதறதுங்கற பழைய வினையிலருந்து வந்திருக்கணும்னு அகராதிக்காரங்க நெனைக்கிறாங்க. டச்சுல 'ஃப்ளாய்ட்டன்'னா விசிலடிக்கிறது, ஒருத்தர பாத்து விசிலடிச்சா அது கேலிதானே. ஜெர்மன்ல ஒருத்தருக்கு 'குழல் சுரம் சொல்லிக் குடுக்கறது'ன்னா அவன ஒழுங்குக்குக் கொண்டு வர்றது. பிரெஞ்சுல எதாவது கை தவறி விழுந்தா 'ஃப்ளூட்!'னு கத்துவாங்க, கெட்ட வார்த்தைய முழுங்கிட்டு சொல்ற நாகரிகமான வார்த்தை அது.

கடைசியா எழுதறவங்களுக்கும் மொழிபெயர்க்கிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'நாலு ஃப்ளூட் கட்டர்'ங்கறத நாலு புல்லாங்குழல் கட்டர்னு தயவுசெஞ்சு எழுதாதீங்க. பட்டறையில ஃப்ளூட்னே சொல்றாங்க, அப்படியே எழுதுங்க, படிக்கிறவனுக்குப் புரியணும். தூணுக்கு நீள்பள்ளம்னு எழுதலாம், அட்டைக்கு அலைத்தாள்னு எழுதலாம். கிரேக்கக் கதையில ஃப்ளூட்னு வந்தா மூலத்துல அவ்லோஸான்னு ஒரு தடவை பாத்துட்டு, அதுதான்னா அவ்லோஸ்னே விட்டுட்டு, சீவாளி வச்ச ரெட்டைக்குழல்னு பக்கத்துல ஒரு வரி சேருங்க.